அம்மையார் கூந்தல் எந்தச் செடியில் படர்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முடி உதிர்வுக்கு அம்மையார் கூந்தல் என்ற கொடியில் காய்ச்சிய எண்ணெய் என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் குறிப்புகள் சுற்றி வருகின்றன. வேலியில் மஞ்சள் நூலாகத் தொங்குவதை அறுத்து வந்து காய்ச்சச் சொல்கிறார்களே தவிர, எந்தச் செடி வேலி என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான்.

இந்தக் கொடிக்கு இலை கிடையாது. முளைத்த சில நாளில் ஒரு செடியைப் பற்றிக்கொண்டதும் மண்ணில் இருந்த வேரும் காய்ந்துவிடும். அப்புறம் உறிஞ்சு வேர்களைத் தாய்ச்செடியின், அதாவது தான் பற்றிய செடியின், தண்டுக்குள் இறக்கி, அதன் சாற்றைக் குடித்தே வளரும். சாற்றோடு நஞ்சும் ஏறும். அரளியில் படர்ந்த கொடியில், இதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அரளி, ஊமத்தை, எருக்கு, கள்ளி மேல் படர்ந்ததைத் தொடவே வேண்டாம். இலந்தை, ஆடாதோடை, நொச்சியில் படர்ந்ததை எடுக்கலாம். மூலிகைக் குறிப்பு வெளியிடும்போது தாய்ச்செடியின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

எண்ணெய்க்கு, பூக்காத இளங்கொடியை மண் போக அலசி, நீர் வடியவிட்டு, இடித்துப் பிழியுங்கள். சாறும் நல்லெண்ணெயும் சம அளவு. அடிகனமான சட்டியில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். தீ கூடினால் கசடு அடிப்பிடித்து எண்ணெய் கருகிவிடும். கசடை உருட்டினால் மெழுகாகத் திரளும்போதே பலர் இறக்கிவிடுகிறார்கள். அதில் ஈரம் மிச்சமிருக்கும், எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். விரலில் மணலாக நறநறக்க வேண்டும். துணித்திரியை அதில் நனைத்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். ஆறியதும் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். வழுக்கையில் முடி முளைக்கும் என்பதெல்லாம் யூடியூப் வாக்கு.

கடலோரப் புதர்களில் இதேபோல் படரும் கொத்தான் என்ற கொடியையும் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள். அது வேறு குடும்பம். கொத்தானின் காய் சதைப்பற்றான சிறு உருண்டை, அம்மையார் கூந்தலின் காய் உலர்ந்து வெடிக்கும்.

மலச்சிக்கலுக்கும் காமாலைக்கும் அம்மையார் கூந்தல் கஷாயம் குடிப்பது பழைய வழக்கம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம், கர்ப்பிணிகள் கூடவே கூடாது.

இன்னொன்று: அறுத்த கொடியில் மிஞ்சியதை வேலியோரம் வீசாதீர்கள். விரல் நீளத் துண்டு பச்சைச் செடிமேல் விழுந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

– மூலிகைத் தோட்டப் பராமரிப்பாளர்கள், திண்டுக்கல்