காகிதச் சங்கிலியில் ஒரு பனிக்காலம்: ரொறொன்ரோத் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் வகுப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற பனிக்காலத்தில் என் எட்டு வயது மகள் தமிழ் வகுப்பிலிருந்து வெள்ளைத் தாளில் வெட்டிய பனிப்பூ ஒன்றைக் கொண்டுவந்தாள். அழகாக இருந்தது; ஆனால் அதற்கு எட்டு முனைகள். தாளை மும்முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத்தான் வரும். அன்று மாலை அவளுடைய கறுப்புக் கையுறையில் விழுந்த பனித்துகள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். உடைந்தவற்றை விலக்கி, முழுதாக இருந்த பதினொன்றுக்கும் கொப்பியில் ஒவ்வொரு கோடு போட்டாள். பதினொரு கோடுகளும் ‘ஆறு முனை’ என்ற தலைப்பின் கீழேயே விழுந்தன. 1885இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லி நுண்ணோக்கியோடு ஒளிப்படக் கருவியைப் பொருத்திப் படமெடுத்ததும் இந்த ஆறைத்தான். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படுவதே காரணம்.

அந்தப் பதினொரு கோடுகளே அவள் தானாகத் திரட்டிய முதல் தரவு. வகுப்பில் செய்யும் கைவேலை சுவரை அலங்கரிப்பதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் அளந்ததை ஏந்தி நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு நிறத்தாளும் பசையும் போதும். டிசம்பர் முதல் பெப்ரவரி இறுதிவரை, அன்றைய வெப்பநிலையைக் காட்டும் நிறத்தில் நாளுக்கு ஒரு காகித வளையம் ஒட்டிச் சங்கிலியாகக் கோக்கலாம். நெட்டாண்டு அல்லாத ஆண்டில் மொத்தம் 90. பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஐந்தைந்து பாகையாகப் பிரித்து, எந்த இடைவெளிக்கு எந்த நிறம் என்பதைச் சங்கிலி தொடங்குமுன் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பிறகு மாற்றக் கூடாது. அளக்க மறந்த நாளுக்கு வெள்ளை வளையம் இடட்டும். தெரியாததை ஊகித்து நிரப்பக் கூடாது என்பதை அந்த வெள்ளையைப் போல் வேறெதுவும் கற்பிக்காது.

சின்ன வகுப்புகளுக்குக் கையுறைப் பட வரைபு பொருந்தும்: ஒவ்வொரு பிள்ளையும் தன் கையுறையின் நிறத்தில் ஒரு தாள் கையுறை வெட்டி, அந்தந்த நிறத்துக்குரிய வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். ஆனால் எல்லாக் கையுறைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நீலத்தைப் பெரிதாக வெட்டினால், மூன்று நீலம் ஐந்து சிவப்பைவிட உயர்ந்து தெரியும். அதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டலாம்.

ரொறொன்ரோவில் வெப்பநிலை 1840 முதல் பதிவாகி வருகிறது. பழைய நாள்வாரிப் பதிவுகளை எவரும் பார்க்கலாம். அப்பாவோ அம்மம்மாவோ இந்நகரில் வந்திறங்கிய பனிக்காலத்துக்கும் ஒரு சங்கிலி செய்து, இவ்வாண்டுச் சங்கிலிக்கு அருகே தொங்கவிட்டால், வீட்டில் கேட்ட கதைக்கு நிறம் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துக் காலநிலை மாறியதாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இது பாடசாலையின் வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒன்ராறியோவின் 2020 கணிதப் பாடத்திட்டத்தில் தரவு தனிப் பிரிவாகவே இருக்கிறது. ஆயினும் தரவு, அச்சு, நிரல் வரைபு, பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை என்பவற்றைத் தமிழில் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை.

வாரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். நிறத்தாள்களையும் ஒரு வெப்பமானியையும் நான் கொண்டுவருகிறேன். டிசம்பரின் முதல் சனிக்கிழமை வளையம் ஒட்டத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்