பங்குனி உத்திரமும் வரி நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை, போன தீபாவளிக்கு நானும் மனைவியும் மட்டும்தான் இருந்தோம் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே அதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டிலும் ஏழு வருடம் அந்த நிலைமைதான். அது எப்படி மாறியது என்று அவருக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கூடவே பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

சென்னை கொளத்தூரில் நானும் என் வீட்டுக்காரரும் பலசரக்குக் கடை நடத்துகிறோம். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். தீபாவளியும் பொங்கலும் எங்களுக்கு வியாபார நாட்கள். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார முடியாது. வருடத்தில் நாங்கள் ஷட்டரை இறக்குவது பங்குனி உத்திரத்துக்கு மட்டும். 'சாஸ்தா கோயிலுக்குச் செல்வதால் மூன்று நாள் விடுமுறை' என்று ஓர் அட்டை தொங்கும். தெருவில் எல்லோருக்கும் அந்த அட்டை தெரியும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. அய்யனார் என்றும் சொல்வார்கள். கோயில் குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளேயோ செம்மணல் மேடான தேரியிலோ இருக்கும். வருடம் முழுக்க ஆள் அரவமே இருக்காது. உத்திரத்தன்று மட்டும் சென்னை, மும்பை, கோவை என்று பிழைக்கப் போனவர்கள் அத்தனை பேரும் அங்கே வந்து நிற்பார்கள். எங்கள் சாஸ்தா இருப்பது செம்மண் தேரியில், பனைமரங்களுக்கும் கொல்லாமரங்களுக்கும் (முந்திரி) நடுவில். சாஸ்தாவுக்குச் சைவப் படையல். அப்புறம் அவருக்குத் திரை போட்டுவிட்டு வெளியே காவல் தெய்வமான சுடலைக்குக் கிடா வெட்டுவார்கள். மத்தியானம் மணல் கொதிக்கும். பிள்ளைகள் ஒரு பனை நிழலிலிருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடுவார்கள். அந்தப் பருவத்தில் கொல்லாம்பழமும் பழுத்திருக்கும். சாறு பட்ட கறை சட்டையை விட்டுப் போகவே போகாது. என் மகனின் சின்ன வயதுச் சட்டை ஒன்று அந்தக் கறையோடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

செலவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. எங்கள் கோயிலுக்கு அப்போது 43 தலைக்கட்டு. அத்தனை பேரும் ஒரு நீள நோட்டில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்குப் பெரியத்தான், அவர்தான் அதை வைத்திருந்தார். மாசி பிறந்ததும் வீடு வீடாகப் போய் வாங்குவார், வெளியூர்க்காரர்களுக்குப் போன் போடுவார்.

நான் 1989இல் கல்யாணம் முடிந்து வந்தவள். முதல் உத்திரத்துக்கு மெட்ராசிலிருந்து திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனோம். எனக்கு அதுவரை என் அப்பாவின் சாஸ்தாதான் சாஸ்தா. புது இடத்தில் எந்தப் பக்கம் நிற்பது, யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. மாமியார் என் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்து, "இந்தப் பானை உன் பொறுப்பு, பொங்குதான்னு பாத்துக்கோ" என்றார்கள். பால் பொங்கி வழிகிற நேரத்தில் நான்கைந்து பேர் என்னைச் சுற்றி நின்று குலவை போட்டார்கள். அன்றிலிருந்து மூன்றாவது பானை என்னுடையது. இத்தனை வருடமாக அதில் மாற்றம் இல்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பெங்களூரில் இருக்கிறாள், சின்னவன் புனேயில். சின்னவன் 2012இல் பத்தாம் வகுப்பு. "ஒரு வருடம்தானே, படிக்கட்டும்" என்று அவனைச் சென்னையிலேயே விட்டோம், நானும் கூட இருந்தேன். அந்த வருடம் என் பானையைக் கொழுந்தன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டாள். அடுத்து பிளஸ் ஒன், டியூஷன். அதற்கடுத்து பிளஸ் டூ. பிறகு கல்லூரி, மாதிரித் தேர்வு, செமஸ்டர், புராஜெக்ட். 2018இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவு கேட்க முடியாது என்றான். எண்ணிப் பார்த்தால் ஏழு உத்திரம் போயிருந்தது. ஒவ்வொரு வருடமும் காரணம் நியாயமான காரணம்தான். அவனைத் தடுத்ததும் பெரும்பாலும் நாங்கள்தான்.

2019இல் வந்தான். பதினான்கு வயது வரை தேரியில் உருண்டு விளையாடிய பையன், போனைக் கையில் வைத்துக்கொண்டு வேன் பக்கத்திலேயே நின்றான். கூட விளையாடிய சித்தப்பா மகன்கள் ஆளுக்கொரு வேலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விறகு சுமந்தான், ஒருவன் தண்ணீர் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். இவனுக்கு இலை போட்டு, உட்காரவைத்துப் பரிமாறினார்கள். விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில், "அம்மா, எனக்கு அங்க யாரையுமே தெரியலம்மா" என்றான். நான் மேல்படுக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஊரடங்கு, யாரும் எங்கும் போகவில்லை. மாமியார் ஒரு சம்படத்தில் தேரி மண்ணும் கோயில் திருநீறும் எப்போதும் வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் இருந்தது. அதன் முன்னால் விளக்கேற்றி, குக்கரில் பொங்கல் வைத்தேன்.

2022 மாசியில் பெரியத்தானுக்குக் கண் ஆபரேஷன். நோட்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. சின்னவனும் அப்போது கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெரியத்தான் என்ன நினைத்தாரோ, பஸ்ஸில் அந்த நோட்டைப் பார்சலாக அனுப்பிவிட்டுப் போனில், "ஏல, இந்த வருசம் நீதான் வரி பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதாதா என்று கேட்டான். போதாது, பேசித்தான் வாங்க வேண்டும் என்று பெரியத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு மாதம், தினமும் ராத்திரி வேலை முடிந்ததும் இரண்டு வீடு, மூன்று வீடு என்று போன் போட்டான். நான் சப்பாத்தி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாரு மவன்ல நீ?" சொன்னதும் அந்தப் பக்கம் குரலே மாறிவிடும். மொட்டை போட்டபோது மாமா மடியிலிருந்து அவன் இறங்கி ஓடியதை ஒருவர் சொன்னார். அவன் தாத்தா 1960களில் கோயிலுக்குக் கிணறு வெட்ட மாட்டுவண்டியில் கல் கொண்டுவந்த கதையை மும்பையிலிருந்து ஒரு பாட்டி முக்கால் மணி நேரம் சொன்னார். தோகாவில் இருக்கிற ஒருவர் வரியோடு கூடவே பந்தல் செலவையும் தானே தருவதாகச் சொன்னார். இரண்டு வீட்டில் சண்டை, அண்ணன் கொடுத்தால் நான் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அதையும் பேசித் தீர்த்தது இந்தப் பையன்தான். அது எனக்கே ஆச்சரியம்.

அந்த வருட உத்திரத்துக்கு இறங்கியதும் அவன் வேன் பக்கத்தில் நிற்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களைத் தேடிப் போய்விட்டான், சாயங்காலம் வரைக்கும் என் கண்ணில் படவே இல்லை. 2023இல் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த மாசியில் 44ஆவது தலைக்கட்டாகத் தன் பெயரைத் தானே அந்த நோட்டில் எழுதி, 1,500 ரூபாய் வரியையும் வைத்தான். கம்பெனியில் திரும்ப வரச் சொல்லிவிட்டதால் இப்போது புனேயில்தான் இருக்கிறான். நோட்டும் அவனோடு புனேயில்தான் இருக்கிறது.

தீபாவளிக்குத் தனியாக உட்கார்ந்த அந்த வாசகரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். ஐயா, உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டுத் தீபாவளியில் என்ன வேலை இருக்கிறது? நாம் பலகாரம் சுட்டு, துணி எடுத்து வைத்து, எல்லாம் தயார், நீ வந்தால் மட்டும் போதும் என்கிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தான் போகாவிட்டாலும் எல்லாம் நடந்துவிடும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. என் மகன் இப்போது வராமல் இருந்தால் 44 வீட்டுக் கணக்கு நின்றுபோகும். அதனால் வருகிறான்.

பெண் பிள்ளை விஷயம் வேறு. பெரியவளுக்கு 2016இல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தா ஆலங்குளம் பக்கம். உத்திரம் ஒரே நாள், இரண்டு இடத்தில் அவள் எப்படி இருப்பாள்? முதல் வருடம் மூன்றாவது பானை பக்கத்தில் அவள் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. என் அம்மாவுக்கும் 1989இல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கோயில் முடிந்ததும் சாயங்காலம் நாங்கள் திருநெல்வேலி வந்துவிடுவோம், அவளும் மாப்பிள்ளையும் பேரனும் ஆலங்குளத்திலிருந்து வந்துவிடுவார்கள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இரண்டு தூக்குச்சட்டியும் திறக்கும். அவர்கள் சாஸ்தா பொங்கலில் சுக்கு தூக்கலாக இருக்கும், எங்களுடையதில் கருப்பட்டி. பேரன் இரண்டையும் பிசைந்து தின்பான். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். 2024 முதல், மகள்களின் குடும்பங்களையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் 'பெண் வழி' என்று எழுதத் தொடங்கியிருக்கிறான் சின்னவன். பெரியவர்கள் சிலருக்கு அதில் வருத்தம் இருக்கிறது. எழுதியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

டிக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். 2025இல் உத்திரம் வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 11. முந்தின நாள் மகாவீர் ஜெயந்தி, பின்னால் சனி, ஞாயிறு, திங்கள் தமிழ்ப் புத்தாண்டு. செந்தூர் எக்ஸ்பிரசில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆறு பேர் பஸ்ஸில் வந்தோம். அந்த நாட்களில் கூடுதல் ரயில் விட்டால் தென்மாவட்டக் குடும்பங்கள் பல பிழைக்கும்.

இனி என் விண்ணப்பம். பங்குனி உத்திரம் எந்த நாள் என்று பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. ஆனாலும் 2024இல் உத்திரம் மார்ச் 25, மறுநாள் காலையில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு. 2025இல் உத்திரத்தன்றே அறிவியல் தேர்வு. மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டாலும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அட்டவணை போடும்போது உத்திரத்தன்றும் அதற்கு மறுநாளும் தேர்வு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதில் ஒரு வருடம் விட்டது எங்கள் வீட்டில் ஏழு வருடமாக நீண்டது. தேர்வு கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் தள்ளி வைக்கத்தான் கேட்கிறேன்.

கொழுந்தன் மகள் 2025இல் தூத்துக்குடியில் பத்தாவது படித்தாள். இவளையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள் என்று கொழுந்தனிடம் பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 11 அன்று பரீட்சை மண்டபத்து வாசலிலேயே அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அவள் அப்பா நேராக வந்தார். மூன்று மணி ஆகிவிட்டது. பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யூனிபாரத்தோடு, பரீட்சை அட்டையைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து வந்தாள். மூன்றாவது பானையில் அவளுக்காக மூடி வைத்திருந்தேன். சின்னவன் நோட்டை அவளிடம் நீட்டி, "பரீட்சை முடிஞ்சதுல்ல? இந்தக் கணக்கைக் கூட்டு, எனக்கு 340 ரூபாய் இடிக்குது" என்றான். அவள் சாப்பிட்டுக்கொண்டே கூட்டினாள்.

இப்படிக்கு,
பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு தாய்,
கொளத்தூர், சென்னை.