மூட்டை தூக்கும் தாத்தாவைப் பாராட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைகளும் மற்றவர்களும் தரும் உணவை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் உணவு வங்கி ஒன்றை முதியவர்களே நடத்துவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கூடவே ஒரு படம் போட்டிருந்தீர்களே, எழுபதைத் தாண்டிய ஒருவர் தோளில் மூட்டையோடு படியேறுகிறார், கீழே வயதெல்லாம் ஒரு தடையா என்கிற மாதிரி ஒரு வரி, அதைப் பார்த்ததும் எனக்கு முதுகுதான் வலித்தது. எனக்கு வயது 71, நானும் அப்படி ஓர் இடத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவள்.

அந்த மூட்டை பார்வைக்கு 25 கிலோ இருக்கும். பளு தூக்குவதற்கு அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பொருள் சரியான உயரத்தில், உடம்பை ஒட்டி, நல்ல பிடியோடு இருந்து, உடம்பைத் திருப்பாமல் எப்போதாவது ஒரு முறை தூக்கினால்கூட 23 கிலோதான் வரம்பு என்கிறது அது. தரையிலிருந்து எடுத்தால், அடிக்கடி தூக்கினால், அதுவும் குறைந்துகொண்டே போகும். இது வேலைக்குப் போகிற ஆரோக்கியமானவர்களுக்குச் சொன்னது. எங்களுக்கு? இந்த வயதில் படியில் சறுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், அப்புறம் பழைய நடை பலருக்குத் திரும்புவதே இல்லை. அதைப் போய் சாதனை என்று போட்டால், அடுத்த வாரம் இன்னொருவர் வீம்புக்குத் தூக்குவார். எங்களில் வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

எங்களைப் பாராட்டத்தான் வேண்டுமென்றால் பாராட்ட வேறு வேலை இருக்கிறது. வருகிற டின்களில் நசுங்கியவை இருக்கும். நடுவில் லேசாக அமுங்கியிருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. விளிம்பில், மூடி சேருகிற இடத்தில் நசுங்கியிருந்தாலோ டின் உப்பியிருந்தாலோ உள்ளே நஞ்சு உண்டாகியிருக்கலாம், குப்பைக்குத்தான். எங்களில் ஓர் அம்மா ஒவ்வொரு டின்னின் விளிம்பையும் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். அவசரமே கிடையாது. பொட்டலங்களில் 'இந்தத் தேதிக்குள் உண்ணவும்' என்றிருப்பது பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் யாருக்கும் தரக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்றிருப்பது சுவை, தரம் பற்றியது, சரியாக வைத்திருந்தால் தாண்டியும் பெரும்பாலும் உண்ணலாம். இதைப் பிரிக்கத் தெரியாமல் நல்ல உணவை வண்டி வண்டியாகக் கொட்டுகிறார்கள். 2022-இல் மட்டும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீடுகளில். ஆக, உணவுக்குப் பஞ்சமில்லை, அதை எடுத்து, பிரித்து, தூக்கி வைக்க ஆள்தான் இல்லை.

இன்னொன்று, வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற விதம். முதல் தடவை வருகிறவர் உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பார். அவரிடம் விண்ணப்பத்தை நீட்டினால் திரும்பிப் போய்விடுவார். "தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக் கொடேன்" என்று கேட்டால் உள்ளே வந்துவிடுவார், பேச்சும் வந்துவிடும். வயதானவர் கேட்பதால் அதில் நடிப்பும் தெரியாது. (உண்மையிலேயே எங்களால் நகர்த்த முடியாது என்பது வேறு விஷயம்.)

இளைஞர்கள் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாளுக்கு வருகிறார்கள், அலுவலகத்திலிருந்து கூட்டமாக வருகிறார்கள், ஒரே நாளில் முப்பது பேர், நிற்க இடமிருக்காது, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி வருவதோ வேலை நாள் காலையில். அன்றைக்கு இருப்பது நாங்கள் ஐந்தாறு பேர், அதில் இருவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம், தவறாமல் வருகிற இரண்டு பேர் கிடைத்தால் போதும், அந்த முப்பது பேர் வேண்டாம்.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய மூட்டையாக அனுப்பாமல் ஐந்து கிலோ, மிஞ்சினால் பத்து கிலோப் பெட்டிகளாக அனுப்புங்கள். பணமாகக் கொடுப்பதானால் ஒரு தள்ளுவண்டிக்கும் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளத்துக்கும் கொடுங்கள். இதெல்லாம் செய்தியில் வராது, தெரியும்.

கடைசியாக, இந்த வேலையெல்லாம் எங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. எந்தக் கடை எப்போது கூப்பிடும், குளிர்ப்பெட்டி 5 டிகிரிக்கு மேல் ஏறினால் யாரை அழைப்பது, எல்லாமே. எங்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தபோது அவர் பார்த்துவந்த குளிர்ப்பெட்டிக் குறிப்பேட்டில் பல நாள்களுக்கு ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அது அவருடைய வேலை என்று எல்லோரும் இருந்துவிட்டோம். இதைக் கற்றுக்கொள்ள நாற்பது வயதில் யாராவது வேண்டும். உங்கள் நாளிதழில் 'ஆட்கள் தேவை' பகுதி இருக்கிறதே, அதில் மாதம் ஒரு முறை உணவு வங்கிகளுக்கு நான்கு வரி இலவசமாக ஒதுக்க முடியுமா? சம்பளம் இல்லை, மூட்டை இறக்கத் தெரிந்தால் போதும் என்று வெளிப்படையாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
உணவு வங்கித் தன்னார்வலர் ஒருவர்