ரைக்கருக்கு ஏன் பிரமோஷன் வேண்டாம்?

கும்பகோணம்

அன்புள்ள சந்துரு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நடுவில் நிறுத்திவிடாதே, நீ அப்படிச் செய்யக்கூடிய ஆள். இங்கே அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதை விட்டுவிட்டாள். மற்றபடி சௌக்கியம். பையன் பெங்களூரில் வேலை மாறிவிட்டான். சம்பளம் கூட, தூக்கம் குறைச்சல்.

உன் பேத்தி ஸ்டார் ட்ரெக், அந்த அமெரிக்க விண்வெளிக் கப்பல் டி.வி. தொடரை, பார்க்க ஆரம்பித்திருக்கிறாள் என்றதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உனக்குப் புரியும். "ஏன் தாத்தா, எப்பவும் கேப்டன்தான் ஹீரோவா இருக்கணுமா?" என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. நீ சமாளித்து அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறாய். என்னால் அப்படி விட முடியவில்லை.

முடிவெடுக்கிறவன் கையில் கதையைக் கொடுத்தால் எழுதுகிறவருக்குச் சுலபம், அவ்வளவுதான். 1966-இல் வந்த முதல் தொடரில் கேப்டன் கிர்க் என்ன செய்கிறார்? புதுக் கிரகம் தென்பட்டால் தானே இறங்குகிறார். கூடவே துணைத்தலைவர் ஸ்பாக்கையும் கப்பலின் தலைமை மருத்துவரையும் அழைத்துப் போகிறார். மூன்று பேரையும் ஒரே பாறைக்குப் பின்னால் யாராவது பிடித்துவிட்டால் கப்பல் யார் கையில்? எந்தக் கடற்படையும் இதை ஒப்புக்கொள்ளாது. 1987-இல் அடுத்த தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். கேப்டன் பிக்கார்ட் கப்பலில் இருப்பார், ஆபத்தான இடத்துக்குக் குழுவோடு போவது துணைத்தலைவர் கமாண்டர் ரைக்கர். கதைக்காகச் செய்த ஏற்பாடு, ஆனால் அதனால் இரண்டாம் நாற்காலிக்கு முதல் முறையாக ஒரு கனம் வந்தது.

எனக்குப் பிடித்தவர் ரைக்கர்தான். காரணம் உனக்குத் தெரியும். அசிஸ்டென்ட் மேனேஜராகவே ரிட்டயர் ஆனவன் நான். பிரமோஷன் வாங்கினால் எங்கோ டிரான்ஸ்பர், பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மாவின் வைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த ஜாதி. ரைக்கருக்கும் தனிக் கப்பல் மூன்று முறை தேடி வருகிறது: ட்ரேக், ஏரிஸ், மெல்போர்ன். மூன்றையும் வேண்டாம் என்கிறார். டி.வி. கணக்கில் பார்த்தால், நடிகர் தொடரை விட்டுப் போகக் கூடாது, அதனால் பாத்திரமும் போகக் கூடாது. ஆனால் எழுதியவர்கள் அந்தக் கட்டாயத்தையே கதையாக்கிவிட்டார்கள். 1990-இல் வந்த 'பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' என்ற இரண்டு பாகத்தில் ஷெல்பி என்று ஒரு இளம் பெண் அதிகாரி வருகிறாள். அவள் கண் ரைக்கரின் இடத்தின் மேல். நீங்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நேருக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். தான் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறோம் என்று ரைக்கரே யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் பிக்கார்டை எதிரி தூக்கிப்போய், தன் ஆளாகவே மாற்றி, திரையில் கொண்டுவந்து நிறுத்துகிறான். இப்போது ரைக்கர்தான் கேப்டன். தன் தலைவர் இருக்கும் கப்பலை நோக்கிச் சுடச் சொல்லி உத்தரவிடுகிறார். அதோடு சீசன் முடிகிறது. அமெரிக்காவில் அதைப் பார்த்தவர்கள் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். உன் பேத்தி அடுத்த எபிசோடுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அதிருஷ்டசாலி.

ஆனால் நான் உனக்கு உண்மையில் சொல்ல வந்தது ஜெல்லிக்கோவைப் பற்றி. 1992 டிசம்பரில் வந்த 'செய்ன் ஆஃப் கமாண்ட்', இதுவும் இரண்டு பாகம். பிக்கார்டை ரகசிய வேலைக்கு அனுப்பிவிட்டு, கார்டேசியர்கள் என்ற எதிரி இனத்தோடு பேச்சுவார்த்தை நடத்த ஜெல்லிக்கோ என்ற கேப்டனை அவருடைய எண்டர்பிரைஸ் கப்பலுக்குப் போடுகிறார்கள். மனிதர் வந்த உடனே மூன்று ஷிஃப்டை நான்காக்கு என்கிறார். பிக்கார்ட் ஆசையாக வளர்த்த மீனை அறையிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்கிறார். இஷ்டப்படி உடுத்திக்கொண்டிருந்த ஆலோசகர் டிராயை முறையான சீருடை போடச் சொல்கிறார் (அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது, பிறகும் அதையே போட்டாள்). எஞ்சின் அறையில் ஆட்களைத் தூங்கவிடாமல் வேலை வாங்குகிறார். ரைக்கர் என்ன செய்தார் தெரியுமா? துறைத் தலைவர்களிடம் பேசினேன், நான்கு ஷிஃப்ட் சரிப்படாது என்கிறார்கள் என்று சொல்லி, கொடுத்த உத்தரவை நிறைவேற்றாமலே வைத்திருந்தார்.

பார்க்கிற எல்லோருக்கும் ஜெல்லிக்கோவின் மேல் கோபம் வரும். தொடரே நம்மை அப்படித்தான் உட்காரவைக்கிறது. எனக்கு மட்டும் ரைக்கரின் மேல்தான் வருத்தம். போர் வருமா வராதா என்ற நிலையில் வந்திருக்கும் கேப்டன், தன் துணைத்தலைவர் சொன்னதைச் செய்வார் என்று கூட நம்ப முடியாவிட்டால் எப்படி? பிக்கார்டுக்கு ரைக்கர் கீழ்ப்படிந்தது பிக்கார்டின் மேல் இருந்த பிரியத்தால். பதவிக்கு அவர் கீழ்ப்படிவாரா என்று யாரும் அதுவரை பார்க்கவில்லை. நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. ஜெல்லிக்கோவிடமும் குறை உண்டு. காரணம் சொல்லும் பழக்கமே கிடையாது, ஏன் நான்கு ஷிஃப்ட் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பாதித் தகராறு இல்லை. கடைசியில் ரைக்கரைப் பொறுப்பிலிருந்தே நீக்கிவிட்டு டேட்டா என்ற இயந்திர மனித அதிகாரியை அந்த இடத்தில் வைக்கிறார்.

அப்புறம் வருகிற காட்சிதான் காட்சி. எதிரிக் கப்பல்கள் மறைந்திருக்கும் மேகத்துக்குள் கண்ணிவெடி விதைக்கச் சிறு ஓடம் ஓட்டத் திறமையான ஆள் வேண்டும். அதற்கு ரைக்கரை விட்டால் வேறு ஆளில்லை. ஜெல்லிக்கோ அவர் அறைக்கே போகிறார். கொஞ்ச நேரம் பதவியை ஒதுக்கிவைப்போம் என்கிறார். ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்று இருவரும் மனம் விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். ரைக்கர் அவரைக் கேட்கவைத்து, கேட்ட பிறகுதான் சம்மதிக்கிறார். கட்டிப்பிடிப்பதும் இல்லை, மன்னிப்பும் இல்லை. திட்டம் பலிக்கிறது, எதிரி இறங்கி வருகிறான், அவர்களிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்ட பிக்கார்ட் திரும்பி வருகிறார். ஜெல்லிக்கோ கப்பலை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஜெயித்துக் கொடுத்தவருக்கு ஒருவரும் மனதார நன்றி சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இதையே ரத்தமும் சதையுமாகப் பார்க்க வேண்டுமானால் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற வேறொரு விண்வெளித் தொடர் இருக்கிறது, 2004-இல் தொடங்கிய புதியது. பேத்திக்கு இப்போது வேண்டாம், வயது போதாது. நீ பார். மனித இனமே கிட்டத்தட்ட அழிந்த பிறகு தப்பிய மக்களுக்கு ஜனாதிபதியாக வருகிறவர் கல்வி அமைச்சராக இருந்த ரோஸ்லின். வாரிசு வரிசையில் 43-ஆவது இடம், அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். படைக்குத் தலைவர் கமாண்டர் அடாமா. யார் பெரியவர் என்று இருவரும் முட்டிக்கொண்டு ஒரு மாதிரி ஒத்துப்போகும் நேரத்தில், பெகாசஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் தப்பி வருகிறது. அதன் தலைவி கெய்ன், அட்மிரல். ஆகவே அடாமாவுக்கு மேல். உத்தரவை மறுத்த தன் துணைத்தலைவரையே சுட்டுக் கொன்றவள். சட்டப்படி அவள் சொல்தான் செல்லும். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா என்று அடாமா தவிக்கும் எபிசோடுகளைப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று, பேத்தியிடம் கட்டாயம் சொல். ஸ்டார் ட்ரெக்குக்காக 1964-இல் எடுத்த முதல் முன்னோட்டப் படத்தில் கப்பலின் துணைத்தலைவர் ஒரு பெண். என்.பி.சி. டி.வி. நிறுவனம் அந்தப் படத்தையே ஏற்கவில்லை, அந்தப் பாத்திரமும் போனது. அதில் நடித்த மேஜல் பாரெட் பிறகு அதே கப்பலில் நர்ஸாக வந்தார். துணைத்தலைவர் எங்கே, நர்ஸ் எங்கே! 1995-இல் 'வாயேஜர்' தொடரில் கேப்டன் ஜேன்வே வந்த பிறகுதான் ஒரு பெண் கேப்டனைச் சுற்றி முழுத் தொடர் ஓடியது. அதே வாயேஜர் கப்பலில் ஹாரி கிம் என்று ஒரு பையன். ஏழு சீசனும் என்சைன், அதாவது அதிகாரிகளில் கடைசிப் படி. கூட இருந்த டாம் பாரிஸ் பதவி பறிக்கப்பட்டு, சிறையிலும் இருந்து, மறுபடி பதவியும் வாங்கிவிட்டான். ஹாரியின் காலரில் பதவிப் பொட்டு ஒன்று கூட ஏறவில்லை. நம் ஆபீசில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

கேப்டன் அல்லாத ஹீரோவே வேண்டுமென்றால் 2017-இல் வந்த ஸ்டார் ட்ரெக் தொடர் 'டிஸ்கவரி'. மைக்கேல் பர்னம் தொடக்கத்திலேயே தன் கேப்டனுக்கு எதிராகக் கலகம் செய்து, பதவி இழந்து, ஆயுள் தண்டனை பெறுகிறாள். மூன்றாவது சீசன் முடிவில்தான் கேப்டன். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். அவளையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்தே தீரவேண்டும் என்று ஏன் நினைத்தார்களோ.

ஜெல்லிக்கோவின் இரண்டு பாகத்தையும் பேத்தியோடு உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு, நான்கு ஷிஃப்ட் விஷயத்தில் அவள் யார் பக்கம் என்று கேட்டு எழுது. நீ ரைக்கர் பக்கம்தான் பேசுவாய், அது எனக்குத் தெரியும். யூனியனில் இருந்தவனாயிற்றே.

தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமமூர்த்தி