மாற்றுச் சான்றிதழ் வரும்வரை எங்கள் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு வட்டாரத்தின் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

மதராஸ் படைப்பிரிவு மையத்தில் பணியாற்றும் ஒரு ஹவில்தாரின் மனைவி நான். இரண்டு பிள்ளைகளின் தாய். 1758இல் தோன்றிய அந்தப் படைப்பிரிவின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் வெலிங்டனில் இருப்பதால், இந்த மலைக்கு ஆண்டு முழுவதும் ராணுவக் குடும்பங்கள் வருவதும் போவதுமாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கல்லூரிக்கு வரும் அதிகாரிகளின் குடும்பங்கள் ஏறக்குறைய ஓராண்டில் கிளம்பிவிடும். ஜவான்களின் குடும்பங்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். குவாட்டர்ஸ் கிடைக்கும்வரை ஜெகதளாவிலோ அருவங்காட்டிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைக்காதவர்களும், பிள்ளை தமிழில் எழுதப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களும் உங்கள் பள்ளிகளைத் தேடி வருகிறோம்.

போஸ்டிங் உத்தரவு ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை. நாங்கள் ஜோத்பூரிலிருந்து வந்தது தீபாவளி கழிந்த மழைக்காலத்தில். மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டிருந்ததால், பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய எங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டிகள் மேட்டுப்பாளையத்திலேயே லாரியில் கிடந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் இங்கே ஒரு பள்ளியில், மாற்றுச் சான்றிதழில் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் இருந்தால்தான் சேர்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் தம் யூனிட்டில் எழுதிக் கேட்டு, ஜோத்பூரில் இருந்த தோழி அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தாள் தபாலில் வந்து சேர்ந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. அதுவரை நான்காம் வகுப்புப் படிக்க வேண்டிய என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் இதில் எங்கள் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவில், மாற்றுச் சான்றிதழ் தருவதில் ஏற்படும் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். எனவே பிறப்புச் சான்றிதழையும், முந்தைய பள்ளியின் மதிப்பெண் அட்டையையும், தந்தையின் யூனிட் தரும் கடிதத்தையும் பெற்றுக்கொண்டு அன்றைக்கே பிள்ளையை வகுப்பில் உட்கார வையுங்கள் என்றும், மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்க எங்களுக்கு அவகாசம் கொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது தமிழ். இதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடமாக இருப்பது எனக்கு மகிழ்ச்சியே. விலக்கு எதுவும் நான் கேட்கவில்லை. என் மகள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். பாட்டி போனில் கதை சொன்னால் கடைசிவரை கேட்பாள். ஆனால் அவள் எழுதப் பழகியது இந்தியில். ‘செடி’ என்று எழுதச் சொன்னால் சகரத்தை எழுதிவிட்டு ஒற்றைக்கொம்பை அதற்குப் பின்னால் போடுகிறாள். இந்தியில் அந்த ஒலிக்குரிய குறி எழுத்தின் தலைமேல் நிற்பதால், எழுத்துக்கு முன்னால் போட அவள் கை இன்னும் பழகவில்லை. ‘பாம்பு’ என்பதில் இரண்டு பகரமும் வெவ்வேறாக ஒலிக்கும்போது எழுத்து மட்டும் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று கேட்கிறாள். இது மந்தபுத்தி இல்லை, வேறு எழுத்தில் பழகிய பிள்ளைக்கு இயல்பாக எழும் கேள்வி. கணக்கில் வகுப்போடு சேர்ந்து வரும் பிள்ளையைத் தமிழ் எழுதத் தெரியவில்லை என்பதற்காக ஒரு வகுப்புக் கீழே இறக்குவதும், “தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதா?” என்று எல்லார் முன்னும் கேட்பதும் அவளுக்கு அந்த மொழியின் மேலேயே வெறுப்பை உண்டாக்கிவிடும்.

வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் இந்தப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து எழுத்துக் கூட்டப் பழக்கினால் போதும். ஆசிரியர்களின் வேலைப்பளு தெரிந்தே சொல்கிறேன்: படிப்பு முடித்து, கணவரோடு ஊர் ஊராகப் போவதால் வேலைக்குச் செல்ல இயலாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் குடியிருப்பில் உண்டு. உங்கள் அனுமதியும் ஒரு காலி வகுப்பறையும் கிடைத்தால் நாங்களே வந்து கற்றுக்கொடுக்கிறோம். படைப்பிரிவில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் குடும்பங்களும் இருப்பதால் அவர்கள் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

“எப்படியும் கிளம்பிவிடுவாள்தானே” என்ற எண்ணத்தில் இந்தப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் விட்டுவிடாதீர்கள். அடுத்து எங்கள் வீட்டுக்காரருக்கு எல்லைப் பகுதியில் போஸ்டிங் வந்தால், குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது. அப்போது பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத்தான் திரும்புவோம். அங்கே அவள் படிக்கப்போவதும் தமிழில்தான்.

ஜூனில் புதிய குடும்பங்கள் வந்துவிடும். அதற்கு முன் மே மாதத்தில் தலைமையாசிரியர்கள் சேர்ந்து ஒரு நாள் குறித்துச் சொன்னால், பெற்றோர் சார்பில் வந்து பேச ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ராணுவக் குடும்பத் தாய் ஒருவர்,
வெலிங்டன், நீலகிரி.