டொரண்டோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவும் பிள்ளைகளும் சுகந்தானுங்களா? காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா, மஞ்சள் எப்படி வந்திருக்கிறது? இங்கே குளிர் இறங்கிவிட்டது. தடித்த பூட்ஸ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

"ஏஞ்சாமி, நீ உடுத்தறதுக்குப் பொம்பளைங்க துணியைக் கடையில எப்படிக் கேட்டு வாங்கற, கூச்சமா இருக்காதா?" என்று போனில் கேட்டீங்க. அறையில் ஆள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இருந்தது அக்கா, ரொம்பவே இருந்தது. ஆண்கள் சட்டையைப் புரட்டுகிற மாதிரி நின்று, ஓரக்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். யாரும் கேட்காத கேள்விக்கு, 'வீட்டுக்காரிக்கு' என்று பதில் வேறு தயாராக இருக்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெண்களின் நைட்டி, டாப்ஸ், உள்ளாடை எல்லாம் கட்டுக்கட்டாக என் கை வழியாகத்தானே போனது? டேப் வைத்து மார்பளவு பார்ப்போம், தோள் தையலை இழுத்துப் பார்ப்போம். ஆம்பளைங்க யாருக்கும் அதில் கூச்சம் வந்ததில்லை. அதே துணியை எனக்கென்று எடுக்கும்போது மட்டும் கை ஏன் நடுங்க வேண்டும்?

அதனால் அளவிலிருந்தே ஆரம்பித்தேன். வீட்டிலேயே டேப் வைத்து எழுதிக்கொண்டேன். என் தோளுக்கு லைக்ரா கலந்த பின்னல் துணிதான் சரியாக உட்காருகிறது. செருப்புதான் பெரும்பாடு. இங்கே ஆண்களுக்கு 9 என்றால் பெண்களுக்கு 10½ பக்கம் வரும். அந்த அளவு எல்லாக் கடையிலும் இருக்காது. கேட்காமல் கிடைக்காது. கடைசியில் ஒரு கடைப் பெண்ணிடம், "எனக்குத்தான்" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு அகலப் பாதம், கூர்முனை வேண்டாம், ஹீல் தடிமனாக இருக்கட்டும்" என்று உள்ளே போய் இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒருவரின் பாலின வெளிப்பாட்டை, அதாவது ஆண் மாதிரியோ பெண் மாதிரியோ உடுத்தி நடந்துகொள்கிற விதத்தை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று இந்த ஒண்டாரியோ மாகாணத்தில் 2012 முதலே சட்டம் உண்டு. அது தெரிந்தும் நடுங்கின கை, அவள் குனிந்து பக்கிளை மாட்டிவிட்டபோதுதான் நின்றது.

ஆனால் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் சேலைக் கடைக்குப் போக இன்னும் கால் வரவில்லை. வேற்று மொழியில் யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். தமிழில் ஒரு ஏளனச் சொல் விழுந்தால் தாங்க மாட்டேன். நாள் ஆகும், போவேன்.

அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. பொள்ளாச்சிப் பக்கம் போனால் எனக்கு ஒரு நெகமம் காட்டன் சேலை எடுங்க, அரக்கு நிறத்தில் சின்னக் கட்டம் போட்டது. ஜாக்கெட்டையும் அங்கேயே தைத்துவிடுங்க. "தோள் இத்தனை அகலமா, யாருக்குங்க?" என்று டெய்லர் கேட்டால், உங்களுக்குச் சங்கடமில்லை என்றால் தம்பிக்கு என்றே சொல்லுங்க.

அளவு அங்குலத்தில்: மார்பு 40, இடுப்பு 35, தோள் 17, கை நீளம் 8. கழுத்து ரொம்ப இறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி