கையில் என்ன கொண்டுபோவது?

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புது மேலதிகாரி வீட்டு விருந்துக்கு என்ன வாங்கிப் போவது என்று கேட்டிருந்தாய். வெறுங்கையோடு போகாதே, அதற்காகக் கையில் இருப்பதை அவர்கள் தலையில் கட்டிவிடாதே. பூங்கொத்தையே உதாரணமாக எடுத்துக்கொள். வாசலில் நாலு பேர் ஒன்றாக நுழைகிறார்கள், அடுப்பில் ஏதோ தீய்கிறது, அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா ஜாடி தேடி, காம்பு நறுக்கி, தண்ணீர் ஊற்ற வேண்டும். பூதான் என்று பிடிவாதம் பிடித்தால் ஜாடியோடு கொடு, இல்லை காலையிலேயே அனுப்பிவிடு. பூனை இருக்கிற வீட்டுக்கு லில்லி ஆகவே ஆகாது. மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் பழுதாகிவிடும்.

தின்பண்டம் என்றால், "இது நாளைக்கு, உங்களுக்கு" என்று சொல்லிக் கொடு. அன்றைக்கு என்ன பரிமாறுவது என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்திருப்பார்கள். உன் சின்ன மாமா மாதிரி, கொண்டுபோன பெட்டியை எப்போது திறப்பார்கள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்காராதே! பிரிக்காமல் உள்ளே வைத்தால் அது அவமரியாதை இல்லை. ஒன்றும் கொண்டுவராதவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், அவர் முன்னால் பிரித்தால் அவருக்குத்தான் சங்கடம். வாசனை மெழுகுவத்தியா? உன் மூக்கு வேறு, அவர்கள் மூக்கு வேறு.

கிண்டல் இருக்கட்டும். நம் கூட்டாளி நெட்டையன் இப்போது யார் வீட்டு விருந்துக்கும் வருவதில்லை. வேலை போனதிலிருந்தே இப்படி. துருவிக் கேட்டேன். "எல்லோரும் கை நிறைய வருகிறீர்கள், நான் எப்படிடா?" என்றான். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கடமையாகிவிடுகின்றன என்று மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-லேயே எழுதியிருக்கிறார். நம் கூட்டத்தில் பெட்டியின் அளவு வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது கடமையைச் செய்ய முடியாதவன் வாசலுக்கே வராமல் நின்றுவிட்டான்.

அதனால் சின்னதாகவே எடுத்துப் போ. மேலதிகாரிக்குப் பெரிதாகக் கொடுத்தால் அதற்கு ஊரில் வேறு பெயர், உனக்குத் தெரியாததா? மறுநாள் இரண்டு வரி நன்றி எழுதிப் போடு, போதும்.

அடுத்த மாதம் என் வீட்டில் கூடும்போது யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்து நீ எதையாவது தூக்கிக்கொண்டு வருவாய். வாசலிலேயே பிடுங்கி உன் வண்டியில் திருப்பி வைத்துவிடுவேன். நெட்டையனை அழைத்துவருவது உன் பொறுப்பு. என்னிடம் சாக்குச் சொல்கிறான், உன்னிடம் அவன் பருப்பு வேகாது.

உன்,
மண்டையன்